நாலரை மீட்டர் அறைக்கு எந்த லென்ஸ்?

அந்தமான் செல்லுலார் சிறையில் ஒரு கொட்டடியின் நீளம் சுமார் நாலரை மீட்டர், அகலம் 2.7 மீட்டர். பின்சுவரில் மூன்று மீட்டர் உயரத்தில், கைக்கு எட்டாதபடி, காற்றுக்கென்று விட்ட ஒரு சிறு திறப்பு. முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. அதன் தாழ்ப்பாள் பக்கத்துச் சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் போய் விழும். உள்ளேயிருந்து கம்பிக்கு வெளியே கையை எவ்வளவு நீட்டினாலும் அது அகப்படாது. போர்ட் பிளேர் என்ற பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய அந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கொட்டடிக்குள் ஒரு நிமிடமாவது நின்று வீடியோ எடுக்காமல் போவதில்லை. இடம் போதவில்லை என்று தோன்றியதும் கைபேசித் திரையில் 0.5 என்ற எண்ணைத் தட்டுகிறார்கள். நான்கு சுவரும் தரையும் கூரையும் அப்படியே ஃபிரேமுக்குள் வந்துவிடுகின்றன. ஊருக்குத் திரும்பி அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், தனிமைச் சிறையின் கொட்டடி ஒரு சின்னக் கல்யாண மண்டபம் போல விரிந்து கிடக்கிறது. வீடு விற்கும் விளம்பரங்களில் பத்துக்குப் பத்து அறை மாளிகையாகத் தெரிவதும் இதே வித்தைதான். அங்கே அது வியாபாரம். இங்கே, குறுகலையே தண்டனையாகக் கட்டிய ஓர் அறையைப் பற்றிய பொய்.

இந்தப் பொய்க்கு லென்ஸைக் குறை சொல்வது வழக்கம். ‘வைட் லென்ஸ் இடத்தை இழுத்துக் காட்டும்’ என்று ஒளிப்பதிவு கற்றுத்தருகிறவர்களே சொல்வார்கள். கேமராக் கடைகளில் இதற்கு நேர்மாறான இன்னொரு வாசகம் உலவுகிறது: அகலம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது, அந்தமான் போகிறீர்களா, 14 மி.மீ. எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டுமே பாதி உண்மை. அகலக்கோண லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு உள்ளே அடங்கும்’ என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். கேமரா எடுக்கும் பொருளிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, எடுத்த படத்தைப் பார்க்கிறவர் திரையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறார் என்ற இரண்டு தூரங்களே முதல் கேள்வி. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஒரே தீவில் சிறைக்குள் ஒரு லென்ஸும் கடலுக்குள் அதற்கு முற்றிலும் மாறான இன்னொரு லென்ஸும் ஏன் சரியாகின்றன என்பது விளங்கும்.

அந்தச் சிறையே பார்வைக் கோணத்தை வைத்துக் கட்டியதுதான். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம். நடுவில் கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போலக் கிளம்பும் ஏழு மூன்றடுக்கு வரிசைகள், கிட்டத்தட்ட எழுநூறு கொட்டடிகள். கோபுரத்தில் நிற்கும் காவலனுக்குச் சுற்றிலும் பார்வை உண்டு. கைதிக்கோ, தன் கம்பிக் கதவு வழியே தெரிவது அடுத்த வரிசையின் முதுகு மட்டுமே, ஏனென்றால் ஒரு வரிசையின் முகம் இன்னொன்றின் பின்புறத்தைப் பார்க்கும்படி அமைத்திருந்தார்கள். எதிரே இன்னொரு மனித முகம் தெரிய வழியே கிடையாது. ஏழில் மூன்று வரிசைகள்தான் இன்று மிச்சம். தமிழர்களில் பலருக்கு இந்த இடம் பிரியதர்ஷன் இயக்கி 1996இல் வந்த ‘சிறைச்சாலை’ வழியாகத்தான் அறிமுகம். மலையாளத்தில் ‘காலாபானி’ என்ற பெயரில் வந்த அந்தப் படத்துக்காகச் சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். அதைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்கும் இன்று கைபேசியில் பார்க்கிறவர்களுக்கும் அந்தக் கொட்டடிகளின் ஆழம் ஒன்றுபோலத் தெரியாது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அளவுநாடாவை எடுப்போம்.

லென்ஸின் குவியத்தூரத்தையும் உணரியின் அகலத்தையும் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் பள்ளிக்கூட முக்கோணவியல். முழுச்சட்ட உணரி 36 மி.மீ. அகலம். அதன் முன் 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் கிடைமட்டத்தில் சுமார் 40 பாகை தெரியும், 35 மி.மீ. போட்டால் 54, 24 போட்டால் 74, 16 போட்டால் 97. கதவில் முதுகைச் சாய்த்து, கேமராவைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நேர்மட்டமாகப் பிடித்தால், லென்ஸுக்கும் பின்சுவருக்கும் நடுவே நான்கு மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ.யில் பின்சுவர் ஒன்றே ஃபிரேமின் அகலத்தில் 94 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. பக்கச் சுவர்கள் இருப்பதே தெரியாது. 35இல் பின்சுவர் 66 சதவீதம், 24இல் 45, 16இல் வெறும் 30. இனி உயரம். வீடியோவின் ஃபிரேம் 16:9 என்பதால் உணரியின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு 20 மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும். இந்தக் கணக்கில் 35 மி.மீ. லென்ஸ் பின்சுவரில் 2.66 மீட்டர் உயரம் வரைக்கும்தான் எட்டும்; காற்றுத் திறப்பு ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். 24 மி.மீ. லென்ஸ் 3.19 மீட்டர் வரை எட்டுகிறது. கேமராவை அண்ணாந்து பார்க்க விடாமலே, கீழே தரையும் மேலே திறப்பும் ஒருசேர ஃபிரேமில் உட்கார்கின்றன. அதாவது கைதி எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தானோ அதுவும் எதன் மேல் படுத்திருந்தானோ அதுவும் ஒரே பார்வையில். இந்த அறைக்குள் 24ஐ விட அகலமாகப் போவதால் புதிதாகக் கிடைப்பது வெற்றுச் சுவரும் கூரையும்தான்.

வெற்றுச் சுவர் கூடினால் கெட்டுப்போவது என்ன? நெருக்கம், அதாவது தொலைவுகளுக்கு இடையிலான விகிதம், லென்ஸால் மாறுவதே இல்லை. ஒரு மீட்டரில் நிற்கும் ஆளும் நான்கு மீட்டரில் நிற்கும் அதே உயர ஆளும் ஃபிரேமில் நான்குக்கு ஒன்று என்ற அளவில்தான் விழுவார்கள், 16 போட்டாலும் 50 போட்டாலும். லென்ஸ் செய்வதெல்லாம் அந்தக் காட்சியில் எவ்வளவு பெரிய துண்டை வெட்டி எடுப்பது என்பது மட்டுமே. ஆனால் வெட்டிய துண்டு பிறகு ஒரு திரையில் விரிகிறது. அந்தத் திரையை யாரோ ஒருவர் ஏதோ ஒரு தூரத்திலிருந்து பார்க்கிறார். அசல் அறையில் நின்றபோது கண்ணுக்கு வந்த அதே கோணத்தில் திரையும் கண்ணுக்கு வந்தால் அறை அசலாகத் தெரியும். அதற்கு எங்கே உட்கார வேண்டும் என்பதும் ஒற்றை வகுத்தல்தான்: குவியத்தூரத்தை உணரியின் அகலத்தால் வகுத்து, திரையின் அகலத்தால் பெருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத் தொலைக்காட்சியில் 24 மி.மீ. காட்சிக்கு 67 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும், 16 மி.மீ. காட்சிக்கு 44 செ.மீ. யாரும் அப்படி மூக்கை ஒட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பதில்லை. படுக்கைவசமாகத் திருப்பிய கைபேசியின் திரை 15 செ.மீ. அகலம் என்றால் 24 மி.மீ. காட்சிக்குப் பத்து செ.மீ. தூரம், நாம் பிடிப்பதோ முப்பது செ.மீ. தள்ளி. வடிவியலின்படி அறையின் ஆழம் மூன்று மடங்காகிவிட்டது. 16 மி.மீ. என்றால் நாலரை மடங்கு. மாறாக, பன்னிரண்டு மீட்டர் அகலத் திரையரங்கில் 24 மி.மீ. காட்சிக்கு ஏற்ற இடம் திரையிலிருந்து எட்டாவது மீட்டர். முன்வரிசையில் உட்கார்ந்த டிக்கெட்காரர்தான் கொட்டடியைக் கொட்டடியாகப் பார்த்திருக்கிறார்.

‘கண் இதையெல்லாம் பழகிக்கொள்ளும், யாரும் அளவுகோலோடு படம் பார்ப்பதில்லை’ என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஓரளவு நியாயமான மறுப்பு. தப்பான இடத்திலிருந்து பார்த்தாலும் மூளை கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்கிறது. இல்லையென்றால் திரையரங்கின் ஓர இருக்கைக்காரருக்கு எல்லா முகமும் கோணலாகத் தெரிய வேண்டும். ஆனால் ஈடுகட்டல் முழுமையானதாக இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எமிலி கூப்பர், எலிஸ் பியாட்சா, மார்ட்டின் பேங்க்ஸ் மூவரும் செய்த சோதனை 2012இல் ‘ஜர்னல் ஆஃப் விஷன்’ இதழில் வந்தது. படங்களைக் காட்டி, வசதியான தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னபோது, பார்க்கிறவர்கள் படத்தின் அளவுக்கு ஏற்பத் தூரத்தைத் தேர்ந்தார்களே தவிர, அது எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்பதற்கு ஏற்பத் தேரவில்லை. அதனால்தான் அகலக்கோணப் படங்களில் ஆழம் நீண்டும், நெடுலென்ஸ் படங்களில் ஆழம் நசுங்கியும் தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம். 50 மி.மீ.யை ‘இயல்பான’ லென்ஸ் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்ததற்கும் இதுவே அடிப்படை: நாம் வழக்கமாகப் படம் பார்க்கும் தூரத்துக்கு அது பொருந்துகிறது. ஆக, கைபேசியில் பார்க்கப்போகும் ஒரு வீடியோவுக்குக் கொட்டடியின் குறுகலை உணர்த்த வேண்டுமென்றால், முழு அறையையும் காட்டுவதை ஒரே ஒரு 24 மி.மீ. ஷாட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதியை 35, 50 என்று துண்டு துண்டாக எடுப்பதுதான் நேர்மை. சுவர்கள் ஃபிரேமின் விளிம்பில் வெட்டுப்படும்போதுதான் அறை நெருக்குகிறது.

முழுசாக 8கே-வில் அகலமாக எடுத்து வைத்துக்கொண்டு, எடிட்டிங்கில் வேண்டியதை வெட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தாராளமாக. நின்ற இடம் மாறாதவரை, 24இல் எடுத்து வெட்டிய ஷாட்டுக்கும் 35இல் எடுத்த ஷாட்டுக்கும் வடிவியலில் துளி வித்தியாசம் கிடையாது. 6கே கேமராவிலேயே இந்த வெட்டுக்குப் பிறகு முழு 4கே மிஞ்சும். சிக்கல் வேறு திசையில் வருகிறது. கேமராவே நமக்குச் சொல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கும். நடந்துகொண்டே எடுக்கும்போது ஆட்டம் குறைக்கும் மின்னணு நிலைப்படுத்தல் ஃபிரேமின் ஓரங்களைத் தின்றுதான் வேலை செய்கிறது. 1.2 மடங்கு வெட்டு என்று கொண்டால் நமது 24 மி.மீ. லென்ஸ் 29 ஆகிவிடும், பின்சுவரில் 2.9 மீட்டர் வரைதான் எட்டும். காற்றுத் திறப்பு போயிற்று. சில கேமராக்கள் 4கே-வில் நொடிக்கு 50, 60 ஃபிரேம் வைத்தாலே உணரியின் நடுப்பகுதியை மட்டும் படிக்கும். ஆகவே கடையில் வாங்கும்போது 20 மி.மீ. வாங்கி, வேலையில் அதை 24ஆகப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். ஏபிஎஸ்-சி உணரிக்காரர்களுக்கு இது 13 மி.மீ. அளவுக்கு வரும். அதற்கும் கீழே 12, 11, 10 என்று இறங்கும் விளம்பரங்களுக்கு, இந்தக் கொட்டடிக்குள் வேலை இல்லை.

சிறைக்குள் இன்னொரு நிபந்தனையும் உண்டு: அங்கே எல்லாமே நேர்கோடு. கம்பிகள், தாழ்வாரத் தூண்கள், செங்கல் வரிசைகள், முடிவேயில்லாமல் நீளும் கொட்டடிக் கதவுகள். நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும் லென்ஸ் அதற்கு ஒரு விலை வாங்குகிறது. ஓரத்தில் உள்ளவற்றை வெளிப்பக்கமாக இழுத்தால்தான் கோடு நேராக நிற்கும். ஃபிரேமின் பக்க விளிம்பில் இந்த இழுப்பு 24 மி.மீ.யில் ஒன்றரை மடங்கு, 16 மி.மீ.யில் இரண்டேகால் மடங்கு. நிழற்படத்தில் ஓரத்தில் யாரையும் நிறுத்தாமல் தப்பித்துக்கொள்ளலாம். வீடியோவில் கேமரா திரும்பும். நடுவில் மெலிந்திருந்த வழிகாட்டி ஓரத்துக்குப் போகப் போகத் தலை பெருத்து, தோள் உப்பி, வெளியேறுகிற கணத்தில் கேலிச்சித்திரம் ஆகிவிடுவார். உணரியையே அசைத்து ஆட்டத்தைச் சரிசெய்யும் கேமராக்களில் நடுப்பகுதி அசையாமல் நிற்க, மூலைகள் மட்டும் ஜெல்லி போலத் தளும்புவதற்கும் இந்த ஓர இழுப்புதான் காரணம். முற்றத்தில் நின்று நடுக்கோபுரத்தை எடுக்க லென்ஸை மேலே சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போலத் தெரியும். கேமராவை மட்டமாகவே வைத்து, ஃபிரேமின் கீழ்ப்பாதியில் விழும் வெறும் தரையைப் பிறகு வெட்டிவிடுவது எளிய வழி; அல்லது கோபுரத்தின் மேலேறி எதிர் வரிசையை நேர்மட்டத்தில் எடுப்பது.

சிறையை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது இன்னும் அகலமான லென்ஸை: கடல் பெரிது, வானம் பெரிது. இங்கேதான் அகலக்கோணம் மிகவும் ஏமாற்றும். அந்தமானின் மிக உயர்ந்த சிகரம், திக்லிபூருக்கு அருகிலுள்ள சேடில் பீக், 732 மீட்டர். எட்டு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் ஒரு படகிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு ஐந்து பாகைதான். 16 மி.மீ. லென்ஸில் அது ஃபிரேமின் உயரத்தில் ஏழு சதவீதம். மலை என்று சொல்லித்தான் நம்பவைக்க வேண்டும். 85 மி.மீ.யில் 38 சதவீதம், அப்போதுதான் அது நெஞ்சை நிமிர்த்துகிறது. தொலைவில் இருப்பதை அகலக்கோணம் சிறுமைப்படுத்தும். அருகில் இருப்பதைப் பெரிதாக்கும். எனவே வெளியில் அதற்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால், அரை மீட்டரில் ஏதாவது இருக்க வேண்டும். பாராடாங் போகும் உப்பங்கழியில் படகின் இரு பக்கமும் நெருக்கி வரும் கண்டல் வேர்கள் அதற்குக் கச்சிதம். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்ததில், சிப்பிகாட் பகுதியில் வயலாக இருந்த இடங்களில் உப்புநீர் ஏறி மரங்கள் நின்றபடியே செத்தன. அப்படியொரு பட்ட மரத்தின் அடியில் கேமராவை வைத்தால் அகலக்கோணத்துக்குப் பேச விஷயம் கிடைக்கிறது. ராதாநகர் கடற்கரையின் வெறும் மணலில் கிடைக்காது.

ஆடும் படகில் அகலக்கோணம் இன்னொரு வகையில் கைகொடுக்கும். கை ஒரு பாகை ஆடினால் 4கே ஃபிரேமில் 24 மி.மீ. லென்ஸில் காட்சி 45 பிக்சல் நகரும், 85இல் 160 பிக்சல். வெளிச்சம்தான் தலைவலி. நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது, அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50இல் நிற்க வேண்டும் என்பது நடைமுறை. பன்னிரண்டு பாகை வட அட்சரேகைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஊரில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே. ஐஎஸ்ஓ 100இல்கூட எஃப்/22 கேட்கும் வெளிச்சம் அது. லாக் முறையில் அடிப்படை ஐஎஸ்ஓ 800 என்றால் எஃப்/5.6இல் எடுக்க ஏழு ஸ்டாப் இருட்டாக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். 14 மி.மீ. போன்ற மிக அகல லென்ஸ்களில் பலவற்றுக்கு முன்கண்ணாடி முட்டைக்கண் போலப் பிதுங்கி நிற்கும். ஃபில்டரைத் திருகி மாட்ட மரை இருக்காது. சுழற்றி அடர்த்தியை மாற்றும் வகை என்டி ஃபில்டர்களோ அகலக்கோணத்தில் ஃபிரேமின் குறுக்கே பெருக்கல் குறி போல இருட்டுப் பட்டை போடும். வானத்தை நீலமாக்கலாமென்று போலரைசர் போட்டாலும் இதே கதி. வானின் ஒளி முனைவாக்கம் சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வளையத்தில்தான் உச்சம்; மாலையில் வடக்கு நோக்கி 97 பாகை அகலத்தை எடுத்தால் நடுவில் ஒரு கருநீலத் தூண் எழும்பி, இரு ஓரமும் வெளுத்துக் கிடக்கும். முன்கண்ணாடி தட்டையான, சாதாரண ஃபில்டர் ஏற்கும் 20 மி.மீ. லென்ஸ் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தவிர்த்துவிடுகிறது. வாங்கும் முடிவில் துளையின் எஃப் எண்ணைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

அகலக்கோணம் என்றால் நெருங்குவது. அந்தமானில் சில இடங்களில் நெருங்குவதே குற்றம் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ், ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துப் போகும் அந்தமான் நெடுஞ்சாலையில் அவர்களைப் படமோ வீடியோவோ எடுக்கத் தடை. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச் சொல்லும் ஒரு காணொளி வெளியாகி உலகம் முழுக்கச் செய்தியான பிறகு சட்டம் இன்னும் கடுமையானது. 1974இல் வட சென்டினல் தீவின் கரையை நெருங்கிய ஆவணப்படக் குழுவின் இயக்குநர் தொடையில் அம்பு வாங்கித் திரும்பினார். ‘இதற்கு மேல் வராதே’ என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நெடுலென்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுப்பதும் தீர்வல்ல, அது அனுமதியின்றி நெருங்குவதன் இன்னொரு பெயர்.

தடையில்லாமல், இன்னும் சொன்னால் கட்டாயமாக, நெருங்கியே ஆக வேண்டிய இடம் கடலுக்கடியில். மேலே சொன்னதெல்லாம் அங்கே தலைகீழாகும். கேமராவைத் தட்டையான கண்ணாடி முகப்புள்ள நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து இறக்கினால், நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் கதிர்கள் முகப்பில் வளைந்து கோணத்தைச் சுருக்கிவிடும். 24 மி.மீ. லென்ஸின் 74 பாகை நீருக்குள் 54 பாகை ஆகும். காசு கொடுத்து வாங்கிய 24 கரையில் விட்டுவந்த 35 போல வேலை செய்யும். இதற்கு மருந்து அரைக்கோளக் குமிழ் முகப்பு. லென்ஸின் பார்வை புறப்படும் புள்ளியைக் குமிழின் மையத்தில் வைத்தால் கதிர்கள் கண்ணாடியைச் செங்குத்தாகக் கடந்து வளையாமல் போகும், கோணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். ஆனால் குமிழுக்கும் ஒரு குணம் உண்டு. நீரும் குமிழும் சேர்ந்து ஒரு குழி லென்ஸ் ஆகி, எல்லையில்லாத் தொலைவிலுள்ள பொருளின் மாயபிம்பத்தைக் குமிழின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தும். பத்து செ.மீ. ஆரக் குமிழ் என்றால் முழுக் கடலும் கண்ணாடிக்கு முன் முப்பது செ.மீ.க்குள் மடங்கிக் கிடக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் குவியம் பிடிக்கத் தெரியாத லென்ஸ், கரையில் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், இங்கே குருடு. விவரப்பட்டியலில் குவியம் பிடிக்கும் குறைந்தபட்சத் தூரம் என்ற வரியை முதலில் படிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். காற்றையே வேண்டாமென்று ஒதுக்கிய லென்ஸும் உண்டு. கடலாய்வாளர் கூஸ்டோவின் விருப்பத்துக்காக ழான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த காலிப்ஸோ கேமரா, நிக்கான் கைக்கு மாறி 1963இல் நிக்கோனோஸ் ஆனது. பிறகு அதற்கு வந்த 15 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடி நேரடியாக நீரைத் தொடும்படி கணக்கிடப்பட்டது. கரைக்கு வந்தால் அது எதற்கும் உதவாது.

ஏன் இவ்வளவு பாடு? ஹேவ்லாக்கில், இன்றைய ஸ்வராஜ் தீவில், ராஜன் என்ற யானை இருந்தது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளில் ஒன்று. கடலில் நீந்திய அதை நீருக்குள்ளிருந்து எடுத்த காட்சிகள் உலகெங்கும் ஓடின, தார்செம்மின் ‘தி ஃபால்’ படத்திலும் வந்தது. 2016இல் இறந்தது. துதிக்கை நீட்டி நீந்தும் யானைக்கு ஆறு மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஃபிரேமை நிரப்பிப் பார்ப்போம். தட்டை முகப்புக்குப் பின்னால் 24 மி.மீ. என்றால் ஆறு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். குமிழுக்குப் பின்னால் அதே 24 என்றால் நான்கு மீட்டர். 16 என்றால் 2.7 மீட்டர். பார்வை இருபது மீட்டர் வரை எட்டும் தெளிந்த நீர் என்றாலும், இந்த மூன்று தூரங்களில் பொருளின் வெளிச்ச மாறுபாட்டில் மிஞ்சுவது முறையே 31, 46, 59 சதவீதம். சிவப்பு இன்னும் மோசம். தூய நீரே 650 நானோமீட்டர் ஒளியை ஒவ்வொரு மீட்டருக்கும் தின்றுகொண்டே போகும்: ஆறு மீட்டரில் 13 சதவீதம் மிச்சம், நான்கில் 26, 2.7இல் 40. எடிட்டிங்கில் நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பவர்கள், வராத ஒளியைத் திருத்த முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள், இரைச்சல்தான் சிவக்கும். கொட்டடியில் சுவர் நம்மைத் தள்ளி நிற்க விடவில்லை, ஆகவே அகலக்கோணத்தை அளவோடு நிறுத்தினோம். இங்கே நீரே தள்ளி நிற்பதைத் தண்டிக்கிறது, ஆகவே எவ்வளவு அகலம் தாங்குமோ அவ்வளவு வேண்டும்.

ஓரம் இழுபடும் கவலையும் இங்கே இல்லை, ஏனென்றால் பவளத்திட்டில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. சிறைக்குள் கம்பிகளை வில்லாக வளைத்து அசிங்கப்படுத்தும் மீன்கண் லென்ஸ், வண்டூர் கடற்பூங்காவின் பவளத்தையோ மீன் கூட்டத்தையோ எடுக்கும்போது எதையும் கெடுப்பதில்லை; கோடுகளை வளைக்கும், வடிவங்களை ஓரத்தில் ஊத விடாது. குமிழோடு ஒட்டிக்கொண்டு கைநீளத்தில் நிற்கும் மீனையும் பின்னால் நீலத்தில் கரையும் திட்டையும் ஒரே ஷாட்டில் அதுதான் தரும். அதற்கே உரிய இன்னொரு காட்சியும் உண்டு. நீருக்கடியிலிருந்து நேர் மேலே பார்த்தால், அடிவானம் முதல் அடிவானம் வரையிலான முழு வானமும், கரையோர மரங்களும், மேலே நிற்கும் படகின் விளிம்பில் குனிந்து எட்டிப்பார்க்கும் முகங்களும், எல்லாம் மடங்கி 97 பாகை விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு கண்ணாடியாகிக் கீழேயுள்ள பவளத்தையே திருப்பிக் காட்டும். 16 மி.மீ. லென்ஸின் அகலம் அந்த வட்டத்துக்குச் சரியாக இருந்தாலும் 16:9 ஃபிரேமின் உயரத்தில் அது 65 பாகைதான். மேலும் கீழும் வட்டம் வெட்டுப்படும். மீன்கண் மட்டுமே அதை முழுசாக, கையில் ஏந்திய தட்டைப் போல, அலையில் விளிம்பு நெளிய நெளியக் காட்டும்.